மூன்று வாரத்தில் முடிகிற வேலையை மட்டும் அண்ணனிடம் கொடுங்கள்

கேள்வி: எங்கள் வீடு தாத்தா கட்டியது. 60 வயதைத் தாண்டிவிட்டது. கீழே கூடம், சமையலறை, இரண்டு அறைகள். மேலே ஒரே ஒரு அறை. நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இங்கே இருக்கிறோம். வெளியூரில் இருக்கும் அண்ணன், அண்ணி, அவர்களுடைய 3 வயதுக் குழந்தை, அவர்களோடு இருக்கும் அப்பா, அம்மா எல்லாரும் இரண்டு மாதம் கழித்து 3 வாரம் வந்து தங்கப் போகிறார்கள். கணவரின் தம்பியும் வருகிறார். "எல்லாரும் சேர்ந்தால் வீட்டையே புதுசாக்கிவிடலாம், கூலிக்கு ஆள் எதற்கு?" என்கிறார் அண்ணன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரை இடித்து ஒரே இடமாக்குவது அவர் திட்டம். அந்தச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. தரையிலிருந்து நேராக ஏறி, ஆள் உயரத்துக்கு மேலே போய், கோடு போட்டதுபோல் பக்கவாட்டில் திரும்புகிறது. கூடத்தின் வெளிச்சுவரில் கீழ் மூன்றடிக்குப் பெயின்ட் உப்பி உதிர்கிறது. இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. ஜன்னல்களைத் தேய்த்துப் பெயின்ட் அடிப்பது தன் பொறுப்பு என்கிறார் அண்ணி. பின்பக்கத்து ஷெட்டின் சாம்பல் நிறக் கூரையைப் பிரித்துவிடலாம் என்கிறார் கணவரின் தம்பி. 72 வயது அப்பா ஏணியில் ஏறத் தயாராக இருக்கிறார். வேண்டாம் என்றால் மனசு நோகும். சரி என்றால் வேலை பாதியில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

அன்புச் சகோதரிக்கு,

பழைய வீடுகளைச் சீரமைக்கும் வேலையில் 28 வருடமாக இருக்கிறேன். பாதியில் நின்றுபோன வேலையைப் பார்க்க என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பலவும் இப்படிப் பாசத்தோடு ஆரம்பித்தவைதான். அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதற்காக அவர்கள் உதவியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சொந்த மனிதர்கள் வந்து கை கொடுக்கிறேன் என்பது சாதாரண விஷயமில்லை. எந்த வேலைக்கு அந்தக் கையை வாங்கிக்கொள்வது என்பதில்தான் கவனம் வேண்டும்.

வீட்டு வேலையில் இரண்டு வகை உண்டு. ஆள் கூடினால் சீக்கிரம் முடிகிற வேலை ஒன்று. எத்தனை ஆள் கூடினாலும் அதற்கான நாளை எடுத்துக்கொள்கிற வேலை இன்னொன்று. மண் அள்ளுவது, சாமான் ஒதுக்குவது, சுவரைச் சுரண்டுவது எல்லாம் முதல் வகை. உலர்வது இரண்டாம் வகை. சிமென்ட் பூச்சுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். அது உலர்ந்து பெயின்ட் ஏற்கும் நிலைக்கு வர மேலும் 3, 4 வாரம் ஆகும். கான்கிரீட்டின் பலத்தை நாங்கள் 28-ம் நாளில்தான் கணக்குப் பார்க்கிறோம். விருந்தினர் தங்கப் போவதோ 21 நாள். அவர்கள் வந்த முதல் நாளே கொத்தனார் வேலையைத் தொடங்கினாலும், அந்தச் சுவரில் அவர்கள் கையால் பெயின்ட் அடிக்க முடியாது. அவர்கள் கிளம்பின பிறகு ஈரச் சுவரும், மூட்டை மூட்டையாக மண்ணும், நீங்களும்தான் மிச்சம். வேலை பாதியில் நிற்பதற்கு யாருடைய சோம்பலும் காரணமாக இருப்பதில்லை. நாள் கணக்கை யாரும் முன்கூட்டியே போட்டுப் பார்க்காததுதான் காரணம்.

இப்போது அண்ணன் சொல்லும் சுவருக்கு வருகிறேன். இந்த வருகையில் அதைத் தொட வேண்டாம். இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதல் காரணம் வீட்டு நடப்பு. அந்த 3 வாரமும் அங்கே 10 பேர் இருக்கப் போகிறீர்கள். அதே நாட்களில் சமையலறையை உடைத்துப் போட்டால் மூன்று வேளைச் சமையலுக்கு எங்கே போவீர்கள்? 3 வயதுக் குழந்தையை அந்தத் தூசியிலிருந்து எப்படி ஒதுக்கி வைப்பீர்கள்? அந்தச் சிரமம் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். வீட்டில் ஆள் கூடியிருக்கும்போது சமையலறையையும் குளியலறையையும் கலைக்கக் கூடாது என்பதை நான் எல்லாரிடமும் கண்டிப்பாகவே சொல்வேன்.

இரண்டாவது, அது சுமை தாங்கும் சுவராக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. தூண் போட்டுக் கட்டும் வழக்கம் பரவுவதற்கு முன் கட்டிய வீடுகளில் சுவர்தான் தூண். அந்தச் சுவரின் கனத்தை ஒரு வாசல் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். பூச்சு நீங்கலாக 9 அங்குலம் இருந்தால் அது சுமை தாங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேலறைக்குப் போய், அந்த அறையின் ஏதாவது ஒரு சுவர் இதற்கு நேர் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். நாலரை அங்குலச் சுவர் என்றாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வெறும் தடுப்பாகக் கட்டிய சுவர்மேல்கூட, மேல்தளம் வருடக் கணக்கில் மெல்லத் தாழ்ந்து வந்து உட்கார்ந்திருப்பதுண்டு. தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அண்ணன் தம்பிகள் நாலு பேர் சேர்ந்து இரண்டே நாளில் கூடத்துச் சுவர் ஒன்றை எடுத்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் மேலறைக் கதவு மூட மறுத்தது. மரம் ஊறியிருக்கும் என்று நினைத்து, கதவைக் கழற்றி இழைப்புளியால் சீவி மாட்டினார்கள். அடுத்த நாள் மறுபடி பிடித்தது, மறுபடி சீவினார்கள். நான் போய்ப் பார்த்தபோது கதவின் மேல் விளிம்பு ஒரு பக்கம் சரிவாக இருந்தது. கதவில் ஒரு குறையும் இல்லை. கதவுக்குக் கீழே தரை இறங்கிக்கொண்டிருந்தது. அன்று இரவே முட்டுக் கொடுத்துத் தாங்கினோம். எல்லாரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஆனால் அந்தக் கதவு மூடாமல் போயிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசையும்.

அந்தச் சுவரை எடுக்கவே முடியாது என்று சொல்லவில்லை. கட்டடப் பொறியாளர் வந்து பார்த்து, எவ்வளவு கனத்தில் உத்தரம் வேண்டும், அதன் இரண்டு முனைகளும் எதன்மேல் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால் எடுக்கலாம். உள்ளாட்சி அனுமதி தேவையா என்பதையும் அவரிடமே கேளுங்கள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இப்போதே கூப்பிடுங்கள். விரிசலைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

பெயின்ட் உப்பும் சுவர்தான் உங்கள் வீட்டில் உடனே கவனிக்க வேண்டியது. அதோடு, உங்கள் அண்ணனின் உழைப்புக்கு ஏற்ற வேலையும் அங்கேதான் இருக்கிறது.

கீழ் மூன்றடிக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தரையிலிருந்து ஓதம் ஏறும் சுவரில் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான் சேதம் தெரியும். மண்ணில் இருக்கும் தண்ணீரைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. அந்தத் தண்ணீர் மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக் கூட்டி வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. பூச்சுக்குள்ளேயே படிகமாகிப் பருத்து, மேலே இருப்பதை வெளியே தள்ளும். உப்பிய இடத்தை விரலால் தடவினால் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டுமே, அதுதான் அந்த உப்பு. நீங்கள் இரண்டு முறை அடித்த பெயின்ட், ஆவி போகும் வழியை அடைத்துவிட்டது. உள்ளே அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும், அவ்வளவுதான். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருந்தால் இது இன்னும் மோசம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்டையும் பிளாஸ்டிக் பெயின்டையும் பூசினால் சுவர் மூச்சுவிட முடியாது.

முதலில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உப்பாத ஓர் இடத்தில், தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் முதல் மருந்து. சுவரை ஒட்டித் தண்ணீர்க் குழாய் ஏதாவது ஓடினால் அது கசிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஈரம் உள்ளிருந்துதான் வருகிறது என்றால், அந்தச் சுவரின் வெளிப்பக்கத்துக்குப் போங்கள். 60 வருடத்தில் பழைய வீட்டைச் சுற்றி மண் ஏறாமல் இருக்காது. பூச்செடிக்கு என்று கொட்டியது, தெரு உயர்ந்ததால் நிரப்பியது, யாரோ போட்ட சிமென்ட் தளம் என்று எல்லாம் சேர்ந்து வெளித்தரை வீட்டுத் தரை மட்டத்துக்கே வந்திருக்கும். வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடுகிற மாதிரி சரிவும் வேண்டும். அந்த மண்ணை வெட்டி அகற்றுவதற்குத் தொழில் தெரிய வேண்டியதில்லை. தெம்புள்ள இரண்டு மூன்று பேரும், மண்வெட்டியும், தள்ளுவண்டியும், ஒரு ரசமட்டமும் போதும். ஒரே எச்சரிக்கை: அஸ்திவாரத்தை ஒட்டி ஆழமாகப் பள்ளம் தோண்டக் கூடாது. ஏறிய மண்ணை மட்டும் எடுத்தால் போதும். கணவரும் அண்ணனும் தம்பியும் காலை வேளைகளில் மட்டும் செய்தாலே நாலைந்து நாளில் முடிந்துவிடும். கூலி கொடுத்துச் செய்தாலும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது. உங்கள் வீட்டுக்கு இப்போது செய்யக்கூடிய பெரிய நன்மை இதுதான் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

உள்பக்கம் உப்பிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை தட்டி எடுத்துவிட்டுத் திறந்தே விடுங்கள். உதிரும் உப்பை நனைக்காமல் உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளி அள்ளிப் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். ஈரம் வரும் வழியை அடைத்த பிறகு, சுவரின் கனத்தில் ஒவ்வொரு அங்குலமும் உலர ஏறக்குறைய ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் உள்ள கைக்கணக்கு. 9 அங்குலச் சுவருக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே அம்மா ஆசைப்பட்டாலும் கூடத்துக்கு இந்த முறை புதுப் பெயின்ட் வேண்டாம். செங்கல் தெரிகிற சுவரோடுதான் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது என்பது எனக்கும் தெரியும்.

அண்ணியின் ஜன்னல் வேலையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் சேர்ப்பது ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் அதைத் தடை செய்ததே 1978-ல்தான். சட்டம் அதற்குப் பிறகு வெகு காலம் கழித்து வந்த நாடுகள் பல. உங்கள் ஜன்னல்களில் பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கும். அடியில் இருப்பது தாத்தா காலத்து அடுக்கு. மஞ்சள், பச்சை, சிவப்பு போன்ற அடர் நிறங்களில் ஈயக் கலவை அதிகம் பயன்பட்டது. இரும்புக் கம்பிகளில் மேல் பெயின்டைச் சுரண்டினால் உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிந்தால், அது துருப்பிடிக்காமல் இருக்க அடித்த ஈயச் செந்தூரமாக இருக்கலாம்.

அப்படியே இருந்தால் அந்தப் பெயின்டால் உடனே ஆபத்து இல்லை. உலர்ந்த உப்புத்தாளை வைத்துத் தேய்க்கும்போதுதான் அது மாவாகப் பறந்து தரையில் படியும். குழந்தை அங்கேயே உட்கார்ந்து விளையாடும், கையை வாயில் வைக்கும். ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கிறது. ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் பாதகமில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம். பெயின்டைத் தீயால் உருக்கி எடுக்கும் பழக்கமும் உண்டு. அதைச் செய்யவே கூடாது. ஈயம் புகையாகி நேரே நெஞ்சுக்குள் போகும்.

பெயின்ட் துணுக்கு ஒன்றை அடி அடுக்கு வரை சேர்த்துப் பெயர்த்து இப்போதே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். முடிவு வருவதற்குள் அவர்கள் வந்துவிட்டால், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். பெயின்ட் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல்களைச் சுரண்டவே வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து, ஒட்டுப் பிரைமர் ஒரு கை, பெயின்ட் இரண்டு கை அடித்து உள்ளேயே மூடிவிடலாம். உரிந்து தொங்கும் இடங்களை மட்டும், முதலில் தண்ணீர் தெளித்து, நனைத்துத் தேய்க்கும் தாளால் ஈரமாகவே தேய்க்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரித்து, வேலை முடிந்ததும் அப்படியே சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். தரையைப் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். சாதாரணத் துணி முகமூடி பயன்படாது. நுண்தூசியை வடிகட்டும் முகமூடி வாங்குங்கள். வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் அந்த அறையில் மட்டுமில்லை, முடிந்தால் வீட்டிலேயே இருக்க வேண்டாம். அம்மா அவர்களை எங்காவது வெளியே கூட்டிப் போகட்டும். அம்மாவுக்கு என்ன வேலை கொடுப்பது என்று கேட்டிருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

ஷெட் கூரை விஷயம் சுருக்கமானது. சாம்பல் நிறத்தில், அலை அலையாக, தட்டினால் இரும்புச் சத்தம் வராமல் இருந்தால் அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த சிமென்ட் தகடாக இருக்கலாம். உடைக்காமல் விட்டுவைத்தால் பெரிய ஆபத்தில்லை. உடைத்தால், துளையிட்டால், அறுத்தால், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். அவை நுரையீரலில் தங்கி 20, 30 வருடம் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படுவதுண்டு. தம்பி ஷெட்டைத் தொட வேண்டாம். பயிற்சி உள்ளவர்களை வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். மின் வேலையும் அப்படியே. பழைய வயரின் ரப்பர் உறை தொட்டாலே நொறுங்கும். எர்த் கம்பியே இல்லாத பிளக்குகளும் இருக்கும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அவர்கள் வருவதற்கு முன்பே வரவழைத்து, 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத் துண்டிப்பானை, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகுதான் யாரும் டிரில் மெஷினைக் கையில் எடுக்கலாம்.

பெயின்ட் அடிக்கும் ஆசை எல்லாருக்கும் இருக்கும், அதற்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். மேலறையில் ஓதம் இல்லையே? அங்கே பூச்சும் நன்றாக இருந்தால் அந்த அறையைக் கொடுத்துவிடுங்கள். சுவரைத் துடைத்து, சின்ன ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, பிரைமர், இரண்டு கை பெயின்ட், கதவுக் கீல்களுக்கு எண்ணெய், தாழ்ப்பாள் மாற்றுவது என்று ஒரு வாரத்துக்குள் முடிக்கலாம். உங்கள் பிள்ளைகளும் உருளையைப் பிடித்து அடிக்கலாம். ஐந்து இடத்தில் தொடங்குவதைவிட ஓர் அறையைக் கடைசி ஸ்க்ரூ வரை முடிப்பதில்தான் எல்லாருக்கும் நிறைவு. கிளம்புவதற்கு முன் அண்ணனும் அண்ணியும் அந்த அறையில் இரண்டு நாளாவது படுத்து எழுந்திருக்க வேண்டும். பெயின்ட் வாடை போகும்வரை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

காலையில் நாலு மணி நேரம் வேலை, மதியத்துக்கு மேல் யாரும் கருவியைத் தொடக் கூடாது, நாலு நாளுக்கு ஒருநாள் முழு ஓய்வு என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். களைத்த கையில்தான் காயம் படும். கடைசி இரண்டு நாளில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். அதெல்லாம் சுத்தம் செய்வதற்கும் உட்கார்ந்து பேசுவதற்கும். அவர்கள் வந்தது உங்களைப் பார்க்கவும்தானே.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் பாரமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் வந்து இறங்கிய பிறகு சொல்லாதீர்கள். இப்போதே போனில் சொல்லுங்கள். "அண்ணா, சுவரை எடுக்கலாமா வேண்டாமானு இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும். நீ வந்ததும் நாம வெளிப்பக்கத்து மண்ணை எடுத்து ஓதத்தை நிறுத்தணும், அதுக்கு நீ இருந்தாத்தான் ஆகும்" என்று சொல்லிப் பாருங்கள். இதைச் செய்யாதே என்பதோடு நிறுத்திவிட்டால் மனசு நோகும். இதற்கு நீ வேண்டும் என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் நோகாது. நான் தடுத்தேன் என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. வீட்டை விட்டு வெளியூர் போனவர்களுக்குத் திரும்பி வரும்போது இந்த வீட்டில் தன் கைக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்றிருக்கும். சுவரை இடிக்கும் ஆசையில் அதுவும் இருக்கலாம். வீடு யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் அப்பா பெயரில் இருந்தால், பெரிய மாற்றம் எதையும் அப்பா, அண்ணன், நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். பின்னாளில் யாருக்கும் மனக்கசப்பு வராது.

அப்பா ஏணியில் ஏற வேண்டாம். யார் ஏறினாலும் நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடிப்பாகத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். என் சித்தப்பா ஒருவர் உதவிக்கு வந்த இடத்தில் ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறி விழுந்தார். மூன்றடி உயரம்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்து, வந்திருந்த எல்லாருடைய மிச்ச நாட்களும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கழிந்தன. அவர் பட்ட வலியைவிட, "என்னால எல்லாருக்கும் சிரமம்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

ஆனால் உங்கள் அப்பாவிடம் இருக்கும் ஒன்று வேறு யாரிடமும் இல்லை. அவர் அந்த வீட்டில் வளர்ந்தவர். தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது, கழிவு நீர்க் குழாய் தரைக்கு அடியில் எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த ஜன்னல் பிறகு வைத்தது, எந்த அறை ஒட்டுக் கட்டடம் என்பதெல்லாம் எந்தப் பொறியாளருக்கும் தெரியாது. ஒரு நாற்காலி, நீளமான சாக்பீஸ், ஒரு பெரிய நோட்டு கொடுங்கள். உங்கள் பெரிய பிள்ளையைக் கூடவே அனுப்புங்கள். அப்பா சொல்லச் சொல்லப் பிள்ளை சுவரில் கோடு போடட்டும், நீங்கள் அதைப் படமெடுத்து நோட்டில் ஒட்டுங்கள். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

இப்போது அந்த விரிசல். சுவர் இறங்குவதால் வரும் விரிசல் பெரும்பாலும் சாய்வாக, ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஓடும். ஒரு முனையில் அகலமாக, மறுமுனையில் மெலிந்து இருக்கும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றால் உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். உங்களுடையது நேராக ஏறி, ஆள் உயரத்துக்கு மேல் கோடு போட்டதுபோல் திரும்புகிறது என்கிறீர்கள். அந்த வடிவம் எனக்கு ஒரு கதவை ஞாபகப்படுத்துகிறது. பழைய வாசலை எப்போதோ செங்கல் வைத்து அடைத்திருந்தால், பழைய கட்டும் புதுக் கட்டும் சரியாகப் பிணையாமல் வாசலின் விளிம்பிலேயே இப்படித்தான் விரியும். இன்றைக்கே விரிசலின் முனையில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டிப் போனால் சுவர் இன்னும் அசைகிறது என்று அர்த்தம்.

அப்பாவை இதற்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம், போனிலேயே கேட்டுவிடலாம்: "சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் அந்தக் காலத்தில் ஒரு கதவு இருந்ததா?" ஆமாம் என்றால், அதற்கு மேலே லிண்டல், அதாவது வாசலுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்கு உத்தரம், இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு. பொறியாளர் வரும்போது அந்த இடத்தில் பூச்சைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். லிண்டல் நல்ல நிலையில் இருந்து, இரண்டு பக்கமும் சரியாக உட்கார்ந்திருந்தால், சுவர் அப்படியே நிற்க, அடைத்த செங்கலை மட்டும் எடுத்து அந்த வாசலைத் திறந்துவிட முடியும். அண்ணன் கேட்ட வெளிச்சமும் போக்குவரத்தும் ஓரளவு கிடைத்துவிடும். அவர் கையாலேயே செய்யலாம், ஒரு நாள் வேலை. பொறியாளர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.